தித்திக்காத சர்க்கரை



பங்காரப்பேட்டைச் சந்திப்பிலிருந்து ஒரு கிளை இருப்புப்பாதை பிரிந்து, கோலார் தங்கவயலின் ஊர்களைத் தொட்டுச் சென்று மாரிகுப்பத்தில் முடிகிறது. அதற்கப்பால் ரயில் இல்லை. அக்கடைசி நிலையத்தை அடுத்துள்ள லைன் வீடுகளுள் ஒன்றே நாம் பிறந்து வளர்ந்த இல்லம். நம் தந்தையார் சுரங்கத் தொழிலாளி. நாம் பயின்றதோ கலைப் படிப்பு. செய்வதோ மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி. உயிர்ப்பொருள்களின் ரசாயன அமைப்பைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நேயர்கள் வினவுவீர்களாயின், அவ்வினா நியாயமானதே. நம் அன்னையார் கேட்ட ஒரு கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் நின்றோம். பின்னர் அவ்விடையைத் தேடிப் படித்தோம். அஃதொன்றே நமது தகுதி.

அன்னையாருக்கு நீரிழிவு நோய் உண்டு. அரிசிச் சோற்றைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அன்னையார் அதனை ஒரு படி மேலே கொண்டு சென்று, சோற்றை அறவே நீக்கிவிட்டு, காலை, பகல், இரவு ஆகிய மூன்று வேளையும் கேழ்வரகுக் களியே உண்ணலானார். களி நம் ஊர் உணவு; வலிமை தரும் உணவு; சர்க்கரை நோய்க்கு உகந்தது என ஊராரும் உரைத்தனர். மூன்று திங்கள் கழித்து இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரையின் அளவு குறையவில்லை, ஏறியிருந்தது. மருத்துவர் கடிந்துகொண்டார். வீடு திரும்பியதும் அன்னையார் நம்மைப் பார்த்து, "ஏம்பா, களி தித்திக்கவே இல்லையே, அதுல சர்க்கரை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். நாம் வாய் திறவாதிருந்தோம். அவரே மேலும், "உங்கப்பா ஆயுசு பூரா மூணு வேளையும் இதையேதானே தின்னாரு? அவருக்கு ஏன் வரலே?" என்றார்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை, விஞ்ஞானிகள் கார்போஹைட்ரேட்டுகள் என்று பெயரிட்டு அழைக்கும் பொருள்களின் அமைப்பில் அடங்கியிருக்கிறது. அவற்றுள்ளும் பெரிய மூலக்கூறுகளை முதலில் நாம் 'சிக்கலான கார்போஹைட்ரேட்டுகள்' என்றே மொழிபெயர்த்துக்கொண்டோம். படிக்கப் படிக்க அது பிழையென்று புலப்பட்டது. அவற்றில் சிக்கல் ஏதுமில்லை, கூட்டமே உண்டு. எளிய சர்க்கரைகள் பல கைகோத்து நிற்கும் கூட்டம் அது. ஆதலின் 'கூட்டுச் சர்க்கரை' என்று இப்பேச்சில் வழங்குவோம்.

குளுக்கோஸ் என்பது எளிய சர்க்கரை. கரிய அணுக்கள் 6, நீரிய அணுக்கள் 12, பிராணவாயு அணுக்கள் 6 ஆகியவை சேர்ந்தது அதன் ஒரு மூலக்கூறு. அது பெரும்பாலும் ஒரு வளையமாக மூடிக்கொண்டு நிற்கும். பச்சை இலை, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தந்த நீரையும் கொண்டு, ஞாயிற்றின் ஒளியால் சர்க்கரையை ஆக்குகிறது. இரு குளுக்கோஸ் மூலக்கூறுகள் இணையும்போது, இணைப்பில் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இவ்வாறு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இணைந்தால் கூட்டுச் சர்க்கரை பிறக்கிறது. அந்த நீரை மீண்டும் ஊட்டினால் இணைப்பு அறுந்து குளுக்கோஸ் தனித்து வெளிப்படுகிறது. செரிமானம் என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பங்கு இவ்வாறு நீரூட்டி அறுக்கும் வேலையே.

செடி ஏன் குளுக்கோஸைத் தனித்தனியே வைத்துக்கொள்ளாமல் கோத்து வைக்கிறது? உயிரணுவினுள் தனித்த மூலக்கூறுகள் பெருகப் பெருக அவை புறத்திலிருந்து நீரை உள்ளே இழுக்கும். ஒரு விதை தன் உணவு முழுவதையும் தனிச் சர்க்கரையாக வைத்திருந்தால் அதன் உயிரணுக்கள் நீரால் பருத்து வெடித்துவிடும். நீரை இழுக்கும் ஆற்றல் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே, பத்தாயிரத்தை ஒன்றாகக் கோத்துவிட்டால் அவை ஒன்றாகவே கணக்கிடப்படும். சில்லறைக் காசுகளை ஒரே நோட்டாக மாற்றிப் பெட்டியில் வைப்பதைப் போன்றது இது. விதைகளிலும் கிழங்குகளிலும் செடிகள் இவ்வாறு சேமித்து வைத்திருப்பதே மாவுச்சத்து.

இனி அன்னையாரின் முதற் கேள்விக்கு வருவோம். நாவிலுள்ள சுவை உணரும் பகுதிகளில் சிறிய சர்க்கரை மூலக்கூறுகளே பொருந்தும்; மாவுச்சத்தின் நெடிய சங்கிலி அங்கே பொருந்தாது. எனவே இனிப்புத் தோன்றுவதில்லை. சோற்றுப் பருக்கைகள் சிலவற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல ஓர் இனிப்புத் தோன்றும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி, சங்கிலியைச் சிறு துண்டுகளாக்குவதே காரணம். நம் ஊரில் களியை மெல்வது வழக்கமன்று. உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவோம். ஆகவே அந்த இனிப்பும் நாவுக்குத் தெரிவதில்லை. ஆயினும், கணையம் சுரக்கும் நொதி சிறுகுடலில் அதே வேலையை முற்ற முடித்துவிடுகிறது. நாவை ஏமாற்றிய சர்க்கரை இரத்தத்தை ஏமாற்றுவதில்லை.

மாவுச்சத்தில் இருவகை உண்டு. அமிலோஸ் என்பது பெரும்பாலும் கிளையற்ற சங்கிலி. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோஸ் வீதம் திருகு சுருளாக வளைந்து நிற்பது. பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் மாவின் மீது அயோடின் துளி விட்டபோது நீலம் பூத்ததை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அச்சுருளின் நடுக்குழலில் அயோடின் வரிசையாகப் புகுந்துகொள்வதால் விளையும் நிறம் அது. அமிலோபெக்டின் என்பது மற்றொரு வகை. அது மரம்போல் கிளைத்தது. ஏறத்தாழ 24 முதல் 30 குளுக்கோஸுக்கு ஒரு கிளை அதில் காணப்படும். சாதாரணத் தானியங்களின் மாவுச்சத்தில் பெரும்பகுதி இதுவே. இவ்விரண்டும் நெருக்கமாக அடுக்கப்பெற்ற மணிகளாக விதையில் உறைகின்றன. பச்சை மாவின் மணிகளுக்குள் நொதி எளிதில் நுழைய முடியாது. நீரிட்டுக் கொதிக்கவைக்கும்போது அவை ஊதி, அடுக்குக் குலைந்து, கூழாகின்றன. அப்போது நொதிக்கு வாயில் திறந்துவிடுகிறது. அடுப்பு என்பது செரிமானத்தின் முதற் பாதி என்று சொன்னால் மிகையாகாது.

இனி இரண்டாம் கேள்வி. தந்தையாரும் அதே களியைத்தான் உண்டார். அவருக்கு ஏன் நோய் வரவில்லை? ஒருவருக்கு நோய் வருவதற்கும் வாராமைக்கும் பரம்பரை முதலிய பல காரணங்கள் உண்டு. ஒன்றை மட்டும் சுட்டுதல் முறையன்று. ஆயினும் அவருடைய உழைப்பையும் இக்கூட்டுச் சர்க்கரையையும் சேர்த்து எண்ணினால் ஓர் உண்மை விளங்கும்.

மனித உடலும் குளுக்கோஸைக் கோத்துச் சேமிக்கிறது. அச்சேமிப்புக்குக் கிளைகோஜன் என்று பெயர். ஃபிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1857 ஆம் ஆண்டில் ஈரலிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். அமிலோபெக்டினைப் போன்றே கிளைத்ததாயினும், இதில் கிளைகள் மிக நெருக்கம். ஏறத்தாழ 8 முதல் 12 குளுக்கோஸுக்கு ஒன்று வீதம் அமைந்தவை. இதற்குத் தக்க காரணம் உண்டு. கிளைகோஜனை நொதிகள் கிளைகளின் நுனியிலிருந்தே கழற்றுகின்றன. நுனிகள் பலவாயின் ஒரே நேரத்தில் பல கைகள் வேலை செய்யலாம். விதை, மாதக்கணக்கில் காத்திருந்து மெல்லச் செலவிடுவது. விலங்கோ, ஓடவும் தூக்கவும் அந்தக் கணமே ஆற்றல் வேண்டுவது. அமைப்பு அவ்வக் காரியத்துக்கு ஏற்ப அமைந்திருக்கும் அழகு இது.

நன்கு உண்ட ஒருவரின் ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகள் அனைத்திலும் சேர்ந்து ஏறத்தாழ 400 கிராமும் கிளைகோஜன் இருக்கும். களஞ்சியம் அவ்வளவே. ஈரலிலுள்ளது இரத்தத்துக்குச் சர்க்கரை வழங்கும். தசையிலுள்ளது அந்தத் தசைக்கே பயன்படும். தங்கவயலின் சுரங்கங்களுள் சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. கூண்டில் இறங்கி, வெப்பம் வீசும் பாறைகளிடையே ஒரு ஷிப்டு முழுதும் உழைத்து மேலேறிய தொழிலாளியின் தசைக் களஞ்சியம் பெரிதும் வற்றியிருக்கும். அவர் உண்ட களி, காலியான களஞ்சியத்தை நிரப்பச் சென்றது. மேலும், உழைக்கும் தசை இன்சுலினின் துணை குறைவாக இருந்தாலும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை ஈர்த்துக்கொள்ள வல்லது. களஞ்சியம் நிரம்பியிருக்கும்போதே மேலும் மேலும் சர்க்கரை வந்தால், அது இரத்தத்தில் தேங்கும். உடலில் கொழுப்பும் மிகும்.

தங்கச் சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டன. அதன்பின் நம் ஊரார் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று வேலை பார்த்து இரவில் திரும்புகின்றனர். அவர்களுள் அமர்ந்து செய்யும் வேலையினர் பலர். வீட்டிலிருப்போருக்குக் குழாயும் அரைவை இயந்திரமும் பணியைக் குறைத்தன. களி உருண்டையின் அளவு மட்டும் தந்தையார் காலத்து அளவாகவே நின்றுவிட்டது. உணவு மாறவில்லை, வாழ்க்கை மாறிவிட்டது. அன்னையாரின் இரண்டாம் கேள்விக்கு நாம் கண்ட விடை இதுவே.

நேயர்களே, குளுக்கோஸின் கூட்டம் உணவாக மட்டும் நிற்பதில்லை. வீட்டின் உத்தரமாகவும் நிற்கிறது. பிரெஞ்சு ரசாயன அறிஞர் அன்செல்ம் பேயன் 1838 ஆம் ஆண்டில் தாவரங்களிலிருந்து பிரித்துக் காட்டிய செல்லுலோஸ், மாவுச்சத்தைப் போலவே குளுக்கோஸால் மட்டும் ஆனது. வேறுபாடு இணைப்பின் திசையில் உள்ளது. மாவுச்சத்தின் இணைப்பை ஆல்ஃபா என்றும், செல்லுலோஸின் இணைப்பை பீட்டா என்றும் குறிப்பர். பீட்டா இணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் முன்னதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால், சங்கிலி சுருளாமல் நீண்டு நேராகிறது. நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கம் படிந்து, நீரியப் பிணைப்புகளால் இறுகி, கயிறு திரித்தாற்போல் நார்களாகின்றன. பருத்தி நூல் ஏறக்குறைய முற்றிலும் செல்லுலோஸே. சுரங்கத்தில் பாறையைத் தாங்க நிறுத்திய மரத்தூணின் வலிமையும் பெரும்பாலும் அதனுடையதே. ஒரே செங்கல், ஒரு விதமாக அடுக்கினால் களஞ்சியத்து நெல், மற்றொரு விதமாக அடுக்கினால் களஞ்சியத்துச் சுவர்.

நம் உடலிலுள்ள நொதிகள் ஆல்ஃபா இணைப்பை அறுக்கும்; செல்லுலோஸின் பீட்டா இணைப்பை அறுக்க அவற்றால் இயலாது. எனவே மாவைச் செரிக்கும் நாம் வைக்கோலைச் செரிப்பதில்லை. மாடு வைக்கோலைத் தின்று வாழ்வது, அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் தயவால். குளுக்கோஸோடு நைட்ரஜன் சேர்ந்த ஒரு கிளைப்பகுதியும் ஏறினால் கைட்டின் ஆகிறது. நண்டின் ஓடு, வண்டின் கவசம், காளானின் சுவர் ஆகியவற்றில் இருப்பது அது. மூட்டுகளில் உராய்வு குறைய உதவும் வழவழப்பான நீர்மத்தில் உள்ளது ஹையலுரோனிக் அமிலம்; அதுவும் கூட்டுச் சர்க்கரையே.

இத்தகைய சங்கிலிகள் எவ்வெவ்வாறு மடங்க முடியும், எவ்வாறு மடங்க முடியாது என்று கணக்கிடும் ஆராய்ச்சியில் தமிழகத்துக்கும் சிறப்பான பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963 ஆம் ஆண்டில் புரதச் சங்கிலிகளுக்கு வகுத்த முறை உலகப் புகழ்பெற்றது. அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத்தக்க கோணங்கள் எவையெனக் காணும் அம்முறையையே, அவர்தம் குழுவினர் அதே காலத்தில் செல்லுலோஸ், அமிலோஸ் முதலிய சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் பயன்படுத்தினர்.

கூட்டுச் சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது அடையாளச் சீட்டு. சிவப்பணுக்களின் மேற்புறத்தில் சிறு சர்க்கரைக் கிளைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 1901 ஆம் ஆண்டில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வகுத்துக் காட்டிய இரத்த வகைகளின் வேறுபாடு, அக்கிளைகளின் நுனியில் அமர்ந்த ஒரே ஒரு சர்க்கரையின் வேறுபாடு என்பது பின்னர் தெளிவாயிற்று. ஓ வகையினரிடம் எச் என்னும் அடிப்படைக் கிளை அப்படியே நிற்கும். அதன் மேல் காலக்டோஸ் ஒன்று ஏறினால் பி வகை. அதற்கு நெருங்கிய உறவான நைட்ரஜன் சேர்ந்த சர்க்கரை ஒன்று ஏறினால் ஏ வகை.

1952 ஆம் ஆண்டில் பம்பாயில் ஒய். எம். பேண்டே முதலியோர், அந்த எச் கிளையே முற்றுப்பெறாத சிலரைக் கண்டறிந்து வெளியிட்டனர். 'பம்பாய் இரத்த வகை' என்று உலகெங்கும் அது வழங்குகிறது. நம் நாட்டில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு இவ்வகை உண்டென மதிப்பிடுவர். சாதாரணச் சோதனையில் இவர்கள் ஓ வகையினராகவே தோன்றுவர். ஆனால் ஓ வகை இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து நேரும். பாறை வெடிப்புகளால் பலர் மடிந்தும் ஊனமுற்றும் போன தங்கவயலில் பிறந்த நமக்கு, இரத்தம் ஏற்றுமுன் இருவர் இரத்தத்தையும் கலந்து பொருத்தம் பார்ப்பது ஏன் இன்றியமையாதது என்பதைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. ஒரு சர்க்கரை இருப்பதும் இல்லாதிருப்பதும் ஓர் உயிர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஆகலாம்.

மீண்டும் களிக்கு வருவோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் செரிக்கத்தக்க கார்போஹைட்ரேட் ஏறத்தாழ 67 கிராம். தீட்டிய அரிசியில் 78 கிராம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடன்று. ஒரு வேளைக்கு 150 கிராம் மாவில் களி கிண்டினால், ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரையை உண்டதற்கு அது சமம். மூன்று வேளைக்கு 300 கிராம். அன்னையாரின் இரத்தத்தில் ஏறியது எங்கிருந்து வந்தது என்பது இக்கணக்கிலேயே தெரிகிறது.

கேழ்வரகின் மெய்யான பெருமை வேறிடத்தில் உள்ளது. அதில் நார்ப்பொருள் 100 கிராமுக்கு 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 8 மில்லிகிராமுக்கும் குறைவு. கேழ்வரகு மிகச் சிறிய மணி. தோலை உரித்துத் தீட்டாமல் முழுமணியாகவே அரைக்கிறோம். நார் என்பது செல்லுலோஸும் அதன் சுற்றத்தாருமாகிய, நம் நொதிகள் அறுக்க இயலாத கூட்டுச் சர்க்கரைகளேயாம். அவை வீணாவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றுள் ஒரு பகுதியை நொதிக்கச் செய்து சிறு கொழுப்பமிலங்களாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவருக்கு அவை உணவாகின்றன. மாவு செரிக்கும் வேகத்தையும் நார் ஓரளவு தாழ்த்துகிறது. ஆனால் அதே கேழ்வரகை மென்மையாக அரைத்து, சல்லடையில் சலித்து, நீர்த்த கஞ்சியாகக் காய்ச்சிப் பருகினால், அந்நன்மையில் பெரும்பகுதியை நாமே கழித்துவிடுகிறோம். முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சியோ, முளையில் எழுந்த நொதிகளால் முன்னரே பாதி அறுக்கப்பட்டது. குழந்தைக்கு அது நல்ல உணவு, நீரிழிவு உடையவர் அதனை அளவறிந்தே கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலை, லைன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அன்னையாருக்கு எடுத்துச் சொன்னோம். சங்கிலியை விளக்க அவருடைய பாசிமணி மாலையே உதவியது. நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "அப்ப களி மேல தப்பில்லே, என் அளவு மேலதான் தப்பு" என்றார். நாம் படித்த நூல்களனைத்தின் சாரமும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

மருத்துவரைக் கேட்டு, களி உருண்டை பாதியாகக் குறைக்கப்பட்டது. அதன் பக்கத்தில் கீரையும், கோலார்ச் சீமைக்கே உரிய அவரைக்காயும், பருப்பும் இடம் பெற்றன. மாவைச் சலிப்பது நின்றது. மாலைதோறும் ரயில் நிலையம்வரை அன்னையார் நடந்து வருகிறார். மருந்து நிறுத்தப்படவில்லை, அதனை நிறுத்துவது நம் வேலையுமன்று. அடுத்த சோதனையில் சர்க்கரையின் அளவு இறங்கியிருந்தது.

நேயர்களே, நம் முன்னோர் உண்ட உணவை மதிப்போம். அவ்வுணவோடு அவர்கள் செய்த உழைப்பையும் மறவாதிருப்போம். தித்திக்காத பொருளிலும் சர்க்கரை உண்டு என்பதை அறிந்து, நமது உழைப்புக்கு ஏற்ற அளவில் தட்டில் இடுவோமாக.